தோற்கிற டீம், மேனேஜரைத் தூக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுட்பால் பார்ப்பவர்கள் குறைவு. பார்க்கிறவர்கள் விடாமல் பார்ப்பார்கள். ஓசூரில் ஷிப்ட் முடித்து வந்து சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி மேட்ச் போடுகிறவர்கள், கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எஃப்சி ஆடினால் பஸ் பிடித்துப் போகிறவர்கள், ஞாயிறு காலையில் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) ஆடும் பையன்கள் எல்லாரும் இதில் உண்டு. அவரவர் டீம் தொடர்ந்து மூன்று மேட்ச் தோற்றால் போதும், பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடும்: மேனேஜரைத் தூக்கணும். அதை ஒட்டி வருகிற சந்தேகங்களும் வருஷா வருஷம் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். ஒத்துவராவிட்டால் வழக்கம்போலச் சண்டைக்கு வரலாம்.

1. மேனேஜர்னா நம்ம ஊர் கோச் மாதிரியாணா? ஆளை வாங்குறதும் அவர்தானா?

இங்கிலாந்தில் முன்பெல்லாம் மேனேஜர் கையில்தான் எல்லாமே. பயிற்சி கொடுப்பது, யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விற்பது எல்லாம் அவர் முடிவு. அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்தியது அப்படித்தான். இன்றைக்குப் பெரும்பாலான கிளப்புகளில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஆள் பார்ப்பது, விலை பேசுவது, ஒப்பந்தம் போடுவது அவர் வேலை. மேனேஜர் தன் விருப்பத்தைச் சொல்லலாம். அது நடக்கும் என்று உறுதி கிடையாது.

ஆக, ஒரு டீம் சரியும்போது அந்த ஆட்களைச் சேர்த்தது யார் என்பதையும் பார்க்கணும். அதை 14-ம் கேள்வியில் வைத்துக்கொள்வோம்.

2. ஆடித் தோக்குறது பிளேயருங்க. வேலை மட்டும் மேனேஜருக்குப் போகுதே, இது என்ன நியாயம்?

பாதி நியாயம். இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீக்கில் கிளப் ஒன்றின் பட்டியலில் 25 பேர் வரை இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பல வருஷ ஒப்பந்தம். அவர்களை மாற்ற வருஷத்தில் இரண்டு சமயம்தான் கதவு திறக்கும், கோடையிலும் ஜனவரியிலும். நவம்பர் மாதம் டீம் அடி வாங்கிக்கொண்டிருந்தால், உடனே மாற்றக்கூடிய ஒரே ஆள் மேனேஜர். மைதானத்தில் கூச்சல் போடும் ரசிகர்களுக்கு நிர்வாகம் 'ஏதோ செய்தோம்' என்று காட்டவும் அதுதான் வழி.

மேனேஜர் ஒன்றும் தெரியாத அப்பாவி என்றும் சொல்ல முடியாது. டிஃபென்ஸ் எவ்வளவு மேலே ஏறி நிற்பது, எழுபதாவது நிமிஷம் யாரை வெளியே எடுப்பது, ஃபார்ம் போன சீனியரை பெஞ்சில் உட்கார வைக்கிற தைரியம் உண்டா இல்லையா, இதெல்லாம் அவர் கணக்கில்தான் வரும். அதற்குத்தான் அந்தச் சம்பளம்.

3. புது ஆள் வந்தவுடனே ஜெயிக்கிறாங்களே! அப்ப மாத்துனது சரின்னுதானே அர்த்தம்?

எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். நம் பக்கத்து மாந்தோப்பில் ஒரு வருஷம் காய்ப்பு படுத்துவிட்டால் அடுத்த வருஷம் பெரும்பாலும் தானாக எழும்பும். நடுவில் யாராவது வந்து மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் பெயர் அவருக்குப் போகும். டீம்களும் அப்படித்தான். மேனேஜரை நீக்குவது எப்போது? டீம் தன் வழக்கமான தரத்தைவிட மிகக் கீழே போன சமயத்தில். அந்தப் பள்ளத்திலிருந்து, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், பழைய மட்டத்துக்குத் திரும்புகிற வாய்ப்பே அதிகம். அடிபட்டவர்கள் திரும்புவார்கள், கம்பத்தில் பட்டு வெளியே போன பந்து உள்ளே போகும், அட்டவணையில் பெரிய டீம்கள் முடிந்து சின்ன டீம்கள் வரும்.

இதை ஒருவர் உட்கார்ந்து சோதித்தும் பார்த்திருக்கிறார். பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர், நெதர்லாந்தின் முதல் டிவிஷனில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களை எடுத்துக்கொண்டார். அதே அளவு சரிந்தும் மேனேஜரை மாற்றாத டீம்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மாற்றிய டீம்களும் மாற்றாத டீம்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன.

ஓலே குன்னர் சோல்ஷயர் கதையைப் பாருங்கள். 2018 டிசம்பரில் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்தார், முதல் எட்டு மேட்சும் வெற்றி. 2019 மார்ச் கடைசியில் நிரந்தரம் ஆக்கினார்கள். அந்த சீசனில் மீதி இருந்த எட்டு லீக் மேட்சில் ஜெயித்தது இரண்டு.

4. அப்ப மாத்தினா பலனே இல்லைன்றீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. மூன்றாவது பதில் சராசரியைப் பற்றியது. சராசரிக்கு வெளியே நிஜமாகவே டீமைத் தூக்கி நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

2022 அக்டோபரில் ஆஸ்டன் வில்லா 11 மேட்சில் 9 பாயின்ட், 17-வது இடம். ஸ்டீவன் ஜெரார்டை நீக்கிவிட்டு உனாய் எமெரியைக் கூட்டி வந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான். சீசன் முடியும்போது 7-வது இடம், அடுத்த சீசன் 4-வது இடம். 2021 ஜனவரியில் செல்சி லேம்பார்டை நீக்கியபோது டீம் 9-வது இடத்தில் இருந்தது. தாமஸ் டூக்கல் வந்து மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

நம் வீட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. 2019-20 சீசனில் சென்னையின் எஃப்சி முதல் ஆறு மேட்சில் ஒன்றுதான் ஜெயித்தது. ஜான் கிரகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ எல்லாம் கிரகரி காலத்திலேயே வந்து சேர்ந்தவர்கள். அதே ஆட்களை வைத்துக்கொண்டு நாலாவது இடம் பிடித்து, செமிஃபைனலில் கோவாவைத் தாண்டி, ஃபைனல் வரை போனார்கள். கோவிட் பயத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஃபைனலில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றது தனி வருத்தம்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று. டீமில் இருந்த ஆட்களின் தரம், டேபிளில் இருந்த இடத்தைவிட மேலே. சரக்கு இருந்தது, பயன்படுத்தத் தெரிந்த ஆள் வந்தார். சரக்கே இல்லாத இடத்தில் எமெரி வந்தாலும் சிரமம்தான்.

5. ஃபெர்குசனுக்கு டைம் குடுத்தாங்க, சாதிச்சார். எல்லாருக்கும் அப்படி டைம் குடுத்தா என்னா?

பொறுமைக்கு உதாரணம் என்றால் எல்லோர் வாயிலும் வருவது ஃபெர்குசன்தான். அவர் எப்படி வந்தார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். 1986 நவம்பரில், சீசன் பாதியில், கீழிருந்து இரண்டாவது இடத்தில் கிடந்த யுனைடெட் ரான் அட்கின்சனை நீக்கித்தான் அவரைக் கொண்டு வந்தது. பொறுமையின் கதை ஒரு நீக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அதற்குப் பிறகு காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. 11, 2, 11, 13 என்று போனது முதல் நான்கு சீசன். 1990-ல் எஃப்ஏ கப், 1993-ல் லீக். ஆனால் அந்த வருஷங்களில் அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. குடிப்பழக்கத்துக்குப் பேர்போன டிரெஸ்ஸிங் ரூமைச் சுத்தம் செய்தார், இளைஞர் அணிக்கு ஆள் தேடும் வேலையைப் புதிதாகக் கட்டினார். நிர்வாகத்துக்கு அது கண்ணில் பட்டது. டேபிளில் தெரியாத முன்னேற்றம் வேறு எங்கேயாவது தெரிந்தால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

இன்னொன்று, டைம் கொடுத்தும் ஒன்றும் ஆகாமல் போனவர்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அதனால் டைம் கொடுத்தவர்கள் எல்லாம் ஜெயித்த மாதிரி நமக்கு ஒரு பிரமை.

6. எத்தனை மேட்ச் தொடர்ந்து தோத்தா தூக்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

நம்பர் கிடையாது. 2019 அக்டோபரில் சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 9-0 என்று தோற்றது. ரால்ஃப் ஹாசன்ஹூட்டலை வைத்துக்கொண்டார்கள், 11-வது இடத்தில் முடித்தார்கள். 2021 நவம்பரில் நார்விச் அந்த சீசனின் முதல் வெற்றியைப் பெற்ற அன்றைக்கே டேனியல் ஃபார்க்கேவை நீக்கியது. டீன் ஸ்மித் வந்தார், கீழ் டிவிஷனுக்கு இறங்குவதிலிருந்து காப்பாற்ற முடியவில்லை.

7. நம்பர் இல்லைன்னா எதைப் பாத்து முடிவு பண்றது?

ரிசல்ட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கணும். டீம் வாய்ப்புகளை உருவாக்குகிறதா? எதிராளிக்கு எவ்வளவு சுலபமான வாய்ப்பைக் கொடுக்கிறது? இதைக் கணக்காகப் பார்க்கத்தான் எக்ஸ்ஜி. ஒவ்வொரு ஷாட்டும் கோல் ஆவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவது அது. பெனால்டிக்கு முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேலே, முப்பது மீட்டரிலிருந்து அடிக்கிற ஷாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பத்து மேட்சுக்கு மேல் எக்ஸ்ஜி நன்றாக இருந்தும் தோற்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான் சரியில்லை. எக்ஸ்ஜியும் சேர்ந்து விழுகிறது என்றால் கவலைப்படலாம்.

அடுத்து, யார் ஆடவில்லை என்று பாருங்கள். 2021-22 சீசனில் ஆர்சனல் முதல் மூன்று மேட்சும் தோற்றது. அடித்தது பூஜ்யம், வாங்கியது ஒன்பது, டேபிளில் கடைசி. மேனேஜர் ஆர்டெட்டாவைத் தூக்கச் சொல்லி உலகமே கத்தியது, எங்கள் கூட்டமும் சேர்த்துத்தான். அந்த மூன்றில் இரண்டு மேட்ச் செல்சி, மான்செஸ்டர் சிட்டியோடு. முக்கியமான ஆட்கள் பலர் கோவிட், காயம் என்று வெளியே. கிளப் அசையவில்லை. அந்த சீசன் 5-வது இடம், அதற்கடுத்த மூன்று சீசனும் இரண்டாவது இடம்.

மூன்றாவதாகக் கண்ணால் பார்க்கிற விஷயம். ஒரு கோல் வாங்கியவுடன் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பந்தைத் தூக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுகிறார்களா, ஒருத்தரை ஒருத்தர் கை நீட்டுகிறார்களா? டிவியில் இதைக் காட்டுவது குறைவு. ஸ்டேடியத்தில் உட்கார்ந்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரியும்.

8. 'டிரெஸ்ஸிங் ரூமை இழந்துட்டார்'னு எழுதுறாங்களே, அது நிஜமா, இல்ல பத்திரிகைக் கதையா?

பாதிக்கு மேல் கதை. ஆனால் நிஜமாக நடக்கும்போது அதற்கு மருந்து கிடையாது. மொரின்யோவின் செல்சி 2015 மே மாதம் சாம்பியன். அதே டிசம்பரில் 16 மேட்சில் 9 தோல்வி, ரெலகேஷன் இடத்துக்கு, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடும் இடத்துக்கு, ஒரு பாயின்ட் மேலே. ஆட்கள் அப்படியே இருந்தார்கள், சீசன் தொடங்கிய நாலே மாதத்தில் எல்லோரும் ஆட்டத்தை மறந்திருக்க முடியாது. டெக்னிகல் டைரக்டர் எமெனாலோ கிளப் டிவியிலேயே வந்து, மேனேஜருக்கும் ஆட்களுக்கும் நடுவே விரிசல் கண்கூடாகத் தெரிந்தது என்று சொன்னார். ஹிடிங்க் வந்து 10-வது இடத்தில் முடித்தார். கோப்பை இல்லை, ஆனால் சரிவு நின்றது.

அந்த நிலைமையில் நான் நீக்கத்தின் பக்கம்தான். மற்ற எல்லாக் கோளாறுக்கும் நேரம் மருந்தாகலாம். ஆட்கள் காது கொடுக்காத மேனேஜருக்கு நேரம் கொடுப்பது அவருக்கே செய்கிற கொடுமை.

9. நீக்குறதுன்னு முடிவு பண்ணிட்டா எப்ப நீக்கணும்? கடைசி நாலு மேட்ச் இருக்கும்போது மாத்துறாங்களே?

அது தீயணைப்பு வண்டியைச் சாம்பலுக்குக் கூப்பிடுகிற வேலை. 2023-ல் லீட்ஸ் நாலே மேட்ச் மிச்சம் இருக்கும்போது சாம் அல்லார்டைஸைக் கூட்டி வந்தது. அந்த சீசனில் அவர்களுக்கு அவர் மூன்றாவது மேனேஜர். கிடைத்தது ஒரு பாயின்ட், ரெலகேஷன். அதே சீசனில் லெஸ்டர் பிரெண்டன் ராட்ஜர்ஸை ஏப்ரலில் அனுப்பியது, அதுவும் கீழே போனது. 2022 ஏப்ரலில் பர்ன்லி, ஏறக்குறைய பத்து வருஷம் இருந்த ஷான் டைச்சை எட்டு மேட்ச் மிச்சம் இருக்கும்போது நீக்கியது. தற்காலிகமாக வந்தவர் முதல் நாலு மேட்சில் 10 பாயின்ட் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் 'பார்த்தீர்களா' என்றார்கள். கடைசி நாளில் ரெலகேட் ஆனார்கள்.

நல்ல சமயம் என்றால் இலையுதிர் காலத்தில் நாட்டு அணிகள் ஆடும் இடைவேளைகள். லீக் இரண்டு வாரம் நிற்கும், புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்க நேரம் கிடைக்கும், ஜனவரி விண்டோவில் ஆள் வாங்கவும் வாய்ப்பு இருக்கும். நியூகாசில் 2021 நவம்பரில் எடி ஹோவைக் கொண்டு வந்தது. ஜனவரியில் டிரிப்பியர், புரூனோ கிமாரேஸ் என்று வாங்கிக் கொடுத்தது. 11-வது இடம். அதில் மேனேஜர் எவ்வளவு, கிளப்பை அப்போதுதான் வாங்கியிருந்த சவுதிக்காரர்களின் பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

10. நீக்கினா மிச்ச வருஷச் சம்பளம் முழுக்கக் குடுக்கணுமா? எவ்வளவு போகும்?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது. சிலதில் மிச்சக் காலம் முழுவதற்கும், சிலதில் ஒரு வருஷச் சம்பளம் என்று வரம்பு. அவரோடு வந்த உதவியாளர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கணும். 'இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள்' என்று அறிக்கை வந்தால் பெரும்பாலும் இந்தத் தொகையில் பேரம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

யுனைடெட் 2024 கோடையில் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்தது, அக்டோபரில் நீக்கியது. அவருக்கும் உதவியாளர்களுக்கும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. கையெழுத்துப் போட்ட பேனா மை காயவில்லை. நம் நாட்டிலும் இதே கூத்துதான். இந்திய அணியின் கோச் இகோர் ஸ்டிமாச்சுக்கு 2026 வரை ஒப்பந்தம் கொடுத்துவிட்டு 2024 ஜூனில் நீக்கினார்கள். கடைசியில் 4 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தார்கள்.

இவ்வளவு போனாலும் ஓனர்கள் ஏன் துணிகிறார்கள்? பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் வருகிற டீமுக்கே ஒரு சீசனுக்குப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் பங்கு கிடைக்கிறது. கீழ் டிவிஷனுக்குப் போனால், முதல் சில வருஷம் கிடைக்கும் உதவித்தொகையைச் சேர்த்தும், அதில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஒரு கோடியை வைத்துப் பல கோடியைக் காப்பாற்றுகிற சூதாட்டம் அவர்களுக்கு லாபமாகத் தெரிகிறது.

11. ரெலகேட் ஆயிட்டா அப்பவாவது தூக்கணும்தானே?

அவசியமில்லை. இதில்தான் நல்ல கிளப்பும் சுமார் கிளப்பும் பிரிந்து தெரியும். பர்ன்லி 2015-ல் டைச்சோடு கீழே போனது, அவரையே வைத்துக்கொண்டு 2016-ல் சாம்பியனாக மேலே வந்தது. நார்விச் 2020-ல் கீழே போனபோது ஃபார்க்கேவை வைத்துக்கொண்டது, 2021-ல் சாம்பியன். ஜெர்மனியில் ஃபிரைபுர்க் 2015-ல் இறங்கியது, கிறிஸ்டியன் ஸ்ட்ரைக் அங்கேயே இருந்தார், மறு வருஷம் திரும்பி வந்தார்கள், அவர் 2024 வரை இருந்தார். கீழ் டிவிஷனில் ஜெயிக்கத் தெரிந்த ஆள் ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது வெளியே தேடுவானேன்?

12. கப்பு வாங்கிக் குடுத்தவரையே தூக்குறாங்களே, நன்றின்னு ஒண்ணு இல்லையா?

ரனியேரிக்காக நானும் அழாத குறை. 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் சிரித்த லெஸ்டரை 2016-ல் சாம்பியன் ஆக்கினார். 2017 பிப்ரவரியில், ரெலகேஷனுக்கு ஒரு பாயின்ட் மேலே இருந்தபோது நீக்கிவிட்டார்கள். மனசு ஆறவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லணும். உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் மேட்சும் ஜெயித்தார், 12-வது இடம். ரனியேரி இருந்திருந்தால் மீண்டிருப்பார்களா? மூன்றாவது பதிலின்படி மீண்டிருக்கலாம். யாராலும் நிரூபிக்க முடியாது. அதே ஷேக்ஸ்பியரை அந்த அக்டோபரில் நீக்கிவிட்டார்கள் என்பது இந்தத் தொழிலின் லட்சணம்.

டோட்டன்ஹாம் விஷயம் இன்னும் சிக்கல். 2025 மே மாதம் போஸ்டெகோக்லு யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார், அந்த கிளப்புக்கு 17 வருஷத்தில் முதல் கோப்பை. லீக்கில் 17-வது இடம். இரண்டு வாரத்தில் நீக்கினார்கள். எங்களில் பாதிப் பேர் அநியாயம் என்றார்கள். நான் கிளப் பக்கம் நின்றேன். நாக்-அவுட்டில் சில ராத்திரி நன்றாக ஆடினால் கோப்பை வரும். 38 மேட்ச் பொய் சொல்லாது. நன்றிக்குச் சிலை வைக்கட்டும், ஒப்பந்தம் வேறு.

13. நம்ம ஐஎஸ்எல்-ல ரெலகேஷனே இல்லையே, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கோச்சை மாத்துறாங்க?

நியாயமான கேள்வி. 2024-25 வரை ஐஎஸ்எல் என்கிற நம் இந்தியன் சூப்பர் லீக்கில் கீழே இறக்குவது கிடையாது. பத்தாவது பதிலில் சொன்ன பணப் பயமே இல்லாத இடத்தில் இன்னும் பொறுமையாக இருக்கலாம். நடப்பது தலைகீழ். சீசன் சின்னது, நாலு மேட்ச் போனால் பிளேஆஃப் கை நழுவும், ஸ்டேடியம் காலியாகும், உடனே மாற்றம்.

நம் பக்கத்து பெங்களூரு எஃப்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23-ல் சைமன் கிரேசன் தலைமையில் பாதி சீசன் வரை டேபிளின் கீழ்ப்பாதியில் கிடந்தார்கள். மாற்றவில்லை. கடைசி எட்டு லீக் மேட்சும் வரிசையாக ஜெயித்து ஃபைனல் வரை போய், பெனால்டியில்தான் தோற்றார்கள். அடுத்த சீசன், 2023 டிசம்பரில் கண்டீரவாவில் மும்பையிடம் 4-0 என்று விழுந்ததும் அதே கிரேசனை நீக்கினார்கள். ஜெரார்ட் சரகோசா வந்தும் அந்த சீசன் 10-வது இடம்தான். முழு ப்ரீசீசன் அவர் கையில் கிடைத்த பிறகு, 2024-25-ல் ஃபைனல். பாதியில் வந்த புது ஆளை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த சாட்சி இது.

14. மேனேஜர் மேல மேனேஜர் மாத்தியும் தேறலைன்னா யாரைத் தூக்குறது?

நான் இவ்வளவு எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். சண்டர்லாந்து 2013-ல் டி கேனியோவைக் கொண்டு வந்து தப்பித்தது. 2014-ல் போயட், 2015-ல் அட்வகாட், 2016-ல் அல்லார்டைஸ் என்று ஒவ்வொரு வருஷமும் பாதியில் வந்த புது ஆள் காப்பாற்றினார். மாற்றம் பலித்தது என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2017-ல் டேவிட் மாய்ஸோடு கடைசி இடம். 2018-ல் மறுபடி ஒரு டிவிஷன் கீழே. திரும்பிப் பிரீமியர் லீக் வர 2025 ஆனது. நாலு மேனேஜருக்காக நாலு விதமாக வாங்கிய ஆட்கள் சம்பளப் பட்டியலில் சேர்ந்துகொண்டே போனார்கள், டீம் என்று ஒன்று உருவாகவே இல்லை.

ஃபெர்குசன் போன பிறகு யுனைடெட்டும் அந்த வழிதான். மாய்ஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக், அமோரிம். ஒருத்தர் பந்தைக் காலில் வைத்து ஆடச் சொல்வார், அடுத்தவர் பின்னால் நின்று கவுன்ட்டர் அடிப்பார், அதற்கடுத்தவர் டிஃபென்ஸில் மூன்று பேரோடு வருவார். 2024-25-ல் 15-வது இடம். இத்தனை பேரும் மக்குகள் என்று நான் நம்பத் தயாரில்லை. இவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் மேஜையில்தான் கோளாறு. ஓனரை நீக்க முடியாது, விற்றால்தான் போவார். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில், அங்கே தலைவரையே ஓட்டுப் போட்டு மாற்றலாம்.

ஆகவே ஒரு மேனேஜரை நீக்கச் சொல்லி யாராவது கத்தினால் நான் கேட்பது இரண்டு: அடுத்து யார்? அவரைத் தேர்ந்தெடுக்கப்போவது யார்? இரண்டாவதுக்குப் பதில் 'அதே ஆட்கள்தான்' என்றால் நீக்கத்தால் கிடைப்பது நாலு மாத நிம்மதி.

15. சார், எங்க செவன்ஸ் டீம் நாலு டோர்னமென்ட் வரிசையா தோத்துடுச்சு. கோச்சை மாத்திடலாமா?

தம்பி, நாக்-அவுட்டில் நாலு டோர்னமென்ட் என்றால் முதல் ரவுண்டிலேயே வெளியேறியதால் நாலே மேட்ச். அதிலும் இரண்டு ஷூட்-அவுட்டில் போனது என்று நீங்களே சொன்னீர்கள். ஏழாவது பதிலைப் படித்துவிட்டு, நாலு மேட்சை வைத்து என்ன சொல்ல முடியும் என்று பாருங்கள்.

உங்கள் கோச் ஸ்கூல் பி.டி. சார். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை விசில் ஊத வருகிறார். அவரை அனுப்பினால் அடுத்து வர ஆளும் இல்லை, அதாவது 14-ம் பதிலின் முதல் கேள்வியிலேயே நீங்கள் ஃபெயில். உங்கள் கோல்கீப்பர் பிராக்டிஸுக்கே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். முதலில் அவனை ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுப்பிக் கூட்டி வாருங்கள். கோச்சை மாற்றுகிற பேச்சு சார் காதில் விழ வேண்டாம், பந்து இரண்டும் அவர் காசில் வாங்கியது.